அந்த 350-ஐ யார் எண்ணினார்கள்?

பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பற்றிய பாடம். எச்.ஐ.வி. தாக்குவதால் டி லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், ரிப்போர்ட்ல சிடி4 350-னு போடுறாங்களே, அதை யாரு, எப்படி எண்ணுவாங்க?"

"நுண்ணோக்கியில் பார்த்துத்தான்" என்று சட்டெனச் சொல்லிவிட்டேன்.

"லிம்போசைட் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்னு போன வாரம் சொன்னீங்களே டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அன்று மாலை தேடிப் படித்ததையும் மறுநாள் வகுப்பில் செய்ததையும் இங்கே பகிர்கிறேன்.

அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள்

உதவி டி செல்லின் மேற்பரப்பில் சிடி4 என்னும் புரத ஏற்பி உள்ளது. பிற செல்கள் எடுத்துக்காட்டும் எதிர்ப்பொருள் தூண்டியை டி செல் இனங்காண இது துணைபுரிகிறது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்வதும் இதே ஏற்பியைத்தான். நுண்ணோக்கியில் இந்த ஏற்பி தெரியாது. எனவே அதில் மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் தயாரித்து, அதனுடன் ஒளிரும் சாயம் ஒன்றை இணைக்கிறார்கள்.

எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைக்கும் முறையை 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் வெளியிட்டனர். ஒரே வகை எதிர்ப்பொருளைத் தேவையான அளவு தயாரிக்கும் வழியை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தனர். இதற்காக 1984-இல் நோபல் பரிசு பெற்றனர்.

சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை இரத்த மாதிரியில் சேர்த்தால் அது சிடி4 உள்ள செல்களில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் கருவியில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. ஃபுளோரசீன் வகைச் சாயமாக இருந்தால், 488 நானோமீட்டர் நீல ஒளி பட்டதும் பச்சை நிறத்தில் ஒளிரும். கருவி அந்த ஒளியைப் பதிவு செய்து எண்ணுகிறது. மோனோசைட்டுகளிலும் சிறிதளவு சிடி4 இருப்பதால், டி செல்லுக்கே உரிய சிடி3 ஏற்பிக்கு வேறு நிறச் சாயத்தையும் சேர்ப்பார்கள். இரண்டும் ஒளிர்ந்தால்தான் கணக்கில் வரும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: பழைய அட்டைகள், பச்சை வண்ணத்தாள், கத்தரிக்கோல், ஒரு கூடை.

1. 40 மாணவர்களுக்கு ஆளுக்கோர் அட்டை. 12 அட்டைகளில் முக்கோணத் துளை, மற்றவற்றில் வட்டம் அல்லது சதுரத் துளை. மாணவர்களே செல்கள், துளையே ஏற்பி.
2. பச்சைத்தாள் ஒட்டிய முக்கோணத் துண்டை அனைவருக்கும் வழங்க வேண்டும். இது சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள். துளையில் பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் கூடையில் போட வேண்டும்.
3. அனைவரும் ஒருவர்பின் ஒருவராக வாசலைக் கடக்க, ஒருவர் பச்சை நிறத்தை எண்ண வேண்டும்.

எங்கள் வகுப்பில் 12 வர வேண்டிய இடத்தில் 15 வந்தது. பொருந்தாத துண்டைக் கூடையில் போடாமல் மூவர் கையிலேயே வைத்திருந்தனர். வகுப்பே சிரித்தது. எனக்கோ பாடத்தின் முக்கியமான பகுதி தானாகவே கிடைத்தது. உண்மையான எதிர்ப்பொருளும் சில வேளை தொடர்பில்லாத செல்லில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, யார் அட்டையிலும் பொருந்தாத நட்சத்திரத் துண்டுகளைப் பச்சைத்தாள் ஒட்டிக் கொடுத்தேன். அவற்றையும் இருவர் விடவில்லை. "பொருந்தாததே ரெண்டு காட்டுதுன்னா, 15-ஐ அப்படியே நம்பக் கூடாது டீச்சர்" என்றான் ஒரு மாணவன். ஆய்வகங்களிலும் இப்படித்தான் சிடி4-இல் பொருந்தாத எதிர்ப்பொருளில் அதே சாயத்தை ஏற்றிக் கட்டுப்பாட்டுச் சோதனை செய்வதுண்டு. கட்டுப்பாடு இல்லாத சோதனையின் முடிவை ஏன் நம்ப முடியாது என்பதை அன்று நான் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் கவனத்திற்கு

* ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 சிடி4 செல்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் பிற தொற்றுகளின் ஆபத்து மிக அதிகம்.
* சிடி4 எண்ணிக்கை எச்.ஐ.வி.யைக் கண்டறியும் சோதனை அன்று. வேறு காரணங்களாலும் இது குறையலாம்.
* நம் நாட்டில் 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் சிடி4 எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை தொடங்கப்படுகிறது.
* 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி யாருக்கும் கல்வியை மறுக்கக் கூடாது. ஒருவரது நிலையைச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது.

மணி அடித்ததும் அந்த மாணவி மட்டும் நின்றாள். "டீச்சர், 350 திரும்ப ஏறுமா?"

"மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஏறும். நாள் ஆகலாம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அது யாருடைய ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை. நாமும் கேட்கக் கூடாது. ஆனால் இப்படி ஒரு கேள்வி எந்த வகுப்பிலும் எழலாம். சரியான பதிலோடு நாம் இருக்க வேண்டும்.