தமிழ்க் கோப்பினுள் சுட்டியை நகர்த்தல்

சி மொழி பயிலத் தொடங்கும் மாணவர், கோப்புச் சுட்டியை எழுத்தின்மேல் வைத்த விரலாகவே எண்ணிக்கொள்கின்றனர். ஆங்கில உரைக்கு அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது, தமிழுக்குப் பொருந்துவதில்லை. சுட்டி எண்ணுவது எழுத்தை அன்று, பைட்டை. இதனை நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைக் கொண்டே காண்போம்.

திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை என வரிக்கு ஒன்றாக மூன்று பெயர்களை யுடிஎஃப்-8 முறையில் ஒரு கோப்பில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். முதலிரண்டும் ஐந்தெழுத்துப் பெயர்களே. ஆயினும் திருச்சுழிக்கு 30 பைட்டுகள், நரிக்குடிக்கு 27. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘தி’ என்பது தகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறியீடு. ‘ந’ ஒரே குறியீடு. இலக்கணம் கற்ற நமக்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. தனிமெய்யாகிய ‘க்’ இரண்டு குறியீடு பெற, உயிர்மெய்யாகிய ‘க’ ஒன்றே பெறுகிறது! அரபு எழுத்துக்கோ 2 பைட்டுகள். அரபுச் சொற்களை அரபு எழுத்திலேயே இடையிட்டு எழுதும் நம் இஸ்லாமியத் தமிழ்க் கட்டுரைகளில் ஒரே வரியில் இருவகைக் கணக்கும் வரும்.

வரிமுடிவுக்கு 1 பைட் எனக் கொண்டு, சுழியிலிருந்து எண்ணினால், நரிக்குடி 31ஆம் இடத்திலும் அருப்புக்கோட்டை 59ஆம் இடத்திலும் தொடங்கும். விண்டோஸ் வழக்கப்படி வரிமுடிவு 2 பைட்டுகளானால் அவை 32, 61 என மாறிவிடும்.

படிக்கும்போது இடம் தவறினால் மீண்டும் படிக்கலாம். எழுதும்போது தவறினால் மீட்பது அரிது. கோப்பில் எழுதுதல், இருப்பதை விலக்கி இடம் செய்துகொள்வதன்று, இருப்பதன்மேல் எழுதுவதாகும். நரிக்குடி இருக்கும் 31ஆம் இடத்தில் திருச்சுழி என எழுதிப் பார்ப்போம். மிகுதியாகிய 3 பைட்டுகள், வரிமுடிவையும் அடுத்த பெயரின் அகரத்தில் இரண்டு பைட்டுகளையும் அழித்துவிடும். இரு வரிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ள, அகரத்தில் எஞ்சிய ஒரு பைட் எவ்வெழுத்தும் ஆகாது நிற்கும். திருத்தியது ஓர் ஊர். சிதைந்தது மற்றோர் ஊர். வானம் பார்த்த இப்பூமியில் கண்மாய்க் கணக்கும் பயிர்க் காப்பீட்டுப் பட்டியலும் ஊர்ப்பெயரைக் கொண்டே தேடப்பெறுவன. பெயர் சிதைந்தால் அவ்வூரார் பட்டியலில் இல்லாதவராகிவிடுவர்.

1989ஆம் ஆண்டின் சி மொழித் தரம், உரைக் கோப்பில் தொடக்கத்திலிருந்து நகர ‘எஃப்சீக்’ கட்டளைக்குச் சுழியையோ, முன்பு ‘எஃப்டெல்’ தந்த எண்ணையோ மட்டுமே தரவேண்டும் என வரையறுத்தது. ஓதி நிறுத்திய பக்கத்தில் நாடா வைப்பதை ஒப்பது இது. ஒவ்வொரு வரியையும் படிக்குமுன் ‘எஃப்டெல்’ தரும் எண்ணைக் குறித்துக்கொண்டால், பின்னர் அவ்வரிக்கே பிழையின்றித் திரும்பலாம்.

சுட்டி இடைநடுவில் விழுந்துவிட்டால் என் செய்வது? 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வகுத்தபோதே இதற்கு வழிவைத்தனர். கோப்பை இருமக் கோப்பாகத் திறந்து, நிற்குமிடத்துப் பைட்டைப் பார்க்க வேண்டும். அதன் மதிப்பு 128 முதல் 191க்குள் இருப்பின் அது குறியீட்டின் தொடக்கமன்று. தமிழில் மிகுதியாக இரண்டு பைட்டுகள் பின்சென்றால் தொடக்கம் கிட்டும். அங்கே புள்ளியோ உயிர்க்குறியோ இருப்பின், மெய்யைப் பிடிக்க மேலும் 3 பைட்டுகள் பின்செல்ல வேண்டும்.

பெயரைத் திருத்துவதாயின், வரிவரியாகப் படித்துப் புதிய கோப்பொன்றில் எழுதி, முழுதும் சரிபார்த்தபின் பழைய பெயரை அதற்கு இடுவதே நாம் மாணவர்க்குக் கூறும் வழி. பழைய கோப்பையும் சில நாள் வைத்திருப்பது நன்று.