உயிரணுவும் கணினி விளையாட்டும்

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆயது. எனினும், அவற்றை வெறுங்கண்ணால் காண்பது அரிது. 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் அறைகள் போன்ற அமைப்பைக் கண்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகளே. பாடநூலில் உள்ள படமும் அவ்வாறே அசைவற்று நிற்கிறது. மாணவர் உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்கின்றனர். அவை ஒன்றையொன்று சார்ந்து உழைக்கும் முறையை உணர்வதில்லை.

இக்குறையைப் போக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று, 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 'செல்கிராஃப்ட்' என்னும் கணினி விளையாட்டு. அதில் ஆடுவோரிடம் ஓர் உயிரணுவைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மைட்டோகாண்ட்ரியா குளுக்கோசைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளை ஆக்கித் தரும். அவ்வாற்றலே அங்குக் கைப்பொருள். அணு இடம் பெயரினும், புதிய உறுப்பொன்றை ஆக்கினும் அது செலவாகும். வரவறிந்து செலவிடாதவர், வைரஸ் படையெடுத்து வரும் வேளையில் செய்வதறியாது திகைப்பர். தோற்றவர், 'எங்கே தவறினேன்?' என்று எண்ணிப் பார்ப்பர். அவ்வெண்ணமே பாடம் அன்றோ!

ஆயினும், மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். விளையாட்டில் நீங்கள் அரசரைப் போல ஆணையிடுகிறீர்கள். உண்மையான உயிரணுவில் அத்தகைய அரசர் எவரும் இலர். உட்கருவும் அரசன் அன்று. புரதங்களை ஆக்குவதற்குரிய குறிப்புகளைத் தாங்கும் ஏட்டறை போன்றது அது. எண்ணிறந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதியும் இணைந்தும் பிரிந்தும், ஏவுவார் இன்றியே அத்தனை பணிகளையும் நிகழ்த்துகின்றன. இதனை உணராது ஆடுபவர் வெற்றி பெறலாம். ஆனால், தவறான கருத்தொன்றையும் உடன்கொண்டு செல்வர்.

ஆதலின், ஆடி முடித்ததும், 'நான் செய்த இப்பணி உண்மையான அணுவில் எவ்வாறு நடைபெறுகிறது?' என்று வினவுங்கள். விடையை நூலில் தேடுங்கள்; ஆசிரியரிடம் கேளுங்கள். பின்னர், வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்து, ஒரு துளி அயோடின் கரைசல் இட்டு, நுண்ணோக்கியில் காணுங்கள். விளையாட்டு ஆர்வத்தைத் தூண்டும். நூல் ஐயத்தை நீக்கும். கண்கூடாகக் காண்பதோ அறிவை உறுதிப்படுத்தும்.