சீதன வீடும் லயத்துக் காம்பராவும்

கேள்வி: என் மகன் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த பிள்ளையைக் கலியாணம் முடித்திருக்கிறான். சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அவர்களும் நம்மைப் போலத் தமிழர், சைவர். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன்தான் அவர்களையும் ஆண்டான். ஆனால் நாலு தலைமுறையாக லயத்தில் இருக்கிறார்கள், சொந்தமென்று ஒரு முழ நிலம் இல்லை. இங்கே நாங்கள் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் சம்பந்தம் பேசுகிறோம். பக்கத்தில் சம்மாந்துறையில் முஸ்லிம் சனங்களும் அப்படித்தான். “மருமகள் என்ன வீடு கொண்டு வந்தாள்?” என்று அயலுக்குள் கேட்கிறார்கள். ஒரே ஆட்சிக்குள் எப்படி இப்படி இரண்டு விதமாகப் போனது? அமெரிக்காவில் இங்கிலீசுக்காரர் குடியேறிய இடங்களும் இப்படித்தான் வேறு வேறாகப் போயின என்கிறான் உயர்தரம் படிக்கும் என் பேரன். உண்மையா?
– ஒரு வாசகி, வீரமுனை

பதில்: பேரன் சொன்னது சரி. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் அலுமாரியில் இருக்கும் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். வீடு வளவு பெரும்பாலும் உங்கள் பெயரில் இருக்கும், அதற்கு முன் உங்கள் தாயாரின் பெயரில் இருந்திருக்கும். உங்கள் கணவர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் வீடுகளில் உறுதியைப் பிரித்தாலும் இதுதான் கதை. தாய்வழியில் குடி பார்ப்பது இரு சமூகத்துக்கும் பொது. கோயிலில் குடிவழி வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிவழி மரைக்கார் என்ற ஏற்பாடும் அப்படியே.

இது வெள்ளைக்காரன் தந்ததல்ல. 1796இல் அவன் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்தபோது தாய்வழியில் சொத்துப் போகும் முக்குவர் வழமை இங்கே நடைமுறையில் இருந்தது. அதன் விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876இல் புத்தகமாகப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கச் சட்டம்தான் அந்த வழமைக்கு நீதிமன்றத்தில் இருந்த இடத்தை இல்லாமலாக்கியது. முஸ்லிம்களுக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நம் சனங்கள் கெட்டிக்காரர்கள். செத்த பிறகு சட்டப்படி பங்கு பிரிபடட்டும் என்று காத்திருக்காமல், கலியாணத்தின்போதே மகள் பெயருக்கு உறுதி எழுதிவிட்டார்கள். கோர்ட்டில் செத்த வழமை நொத்தாரிசின் மேசையில் உயிரோடு இருந்தது.

துரைமார் ஏன் அதற்கு மேல் தலையிடவில்லை? நல்லெண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. இந்த வெக்கையில் கோப்பி விளையாது. வாவிக்கரையில் தென்னந்தோட்டம் போட்டார்கள், அதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குடியிருத்தத் தேவைப்படவில்லை. வயல் சனங்களிடமிருந்து வேண்டியது நெல் வரி. போடியாரும் முல்லைக்காரரும் பழைய முறையில் விதைத்து, சூடு மிதித்து, நெல் வந்தால் போதும். 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்ததும் பல இடங்களில் குளக்கட்டுகளைப் பார்க்க ஆளில்லாமல் போனது. நெல் குறைந்தால் நட்டம் தனக்குத்தான் என்று அரசாங்கம் அதன் பிறகே உணர்ந்தது. ஆளுநர் ஹென்றி வாட் 1856இல் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டம், வயற்காரர் கூடித் தங்கள் பழைய வழமைகளையே விதிகளாக ஏற்றுக்கொள்ள இடம் கொடுத்தது. வாய்க்கால் வெட்டும் நாளையும் தண்ணீர் திறக்கும் முறையையும் வட்டவிதானையை முன்வைத்துத் தீர்மானிக்கிற பழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் அப்படிக் கிடைத்தது. இதைக் கேட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். போடியாருக்கும் அவர் வயலில் கிடந்து உழைத்த முல்லைக்காரருக்கும் இடையே இருந்த தூரம் பெரிது.

பசறைக்குப் போனால் நிலைமை வேறு. அது இருக்கும் ஊவா, கண்டி இராச்சியத்துக்குள் இருந்தது. அந்த இராச்சியம் 1815இல் விழுந்தது. 1817-18இல் ஊவா கிளர்ந்தபோது பயிரையும் கால்நடையையும் அழித்து அடக்கினார்கள். 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. 1844 வரை ஏக்கர் 5 சிலிங்குக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே பலர்! அங்கே வரி போதாது, மலையே வேண்டும், மலையில் வேலைசெய்ய ஆளும் வேண்டும். சொந்த வயல் வைத்திருந்த சிங்களக் கிராமத்தவர் தோட்டத்தில் குடியிருந்து கூலிக்கு நிற்க வரவில்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் கூட்டிவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை.

கோப்பிக்காலத்தில் பலர் பறிப்பு முடிய ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலைநோய் கண்டது, பிறகு தேயிலை மலையைப் பிடித்தது. கொழுந்துக்கு வருடம் முழுவதும் கை வேண்டும், அதுவும் பெண்களின் கை. குடும்பத்தோடு இருத்துவதற்கு லயம் வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. கடனைக் காட்டும் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது, 1921இல்தான் அது ஒழிந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கொழுந்தெடுத்தவள் பெண், அவள் சம்பளத்தைப் பெரும்பாலும் வாங்கியது புருஷன். காம்பரா வேலையோடு ஒட்டியது, வேலை போனால் அதுவும் போகும். தன் பெயரில் இல்லாத காம்பராவை ஒரு தாய் மகளுக்கு எப்படி எழுதிக் கொடுப்பாள்?

அமெரிக்கக் கதையும் இந்த வழியில்தான் போகிறது. 1607இல் வெர்ஜீனியாவுக்குப் போனவர்கள் புகையிலையில் பணத்தைக் கண்டார்கள். அதற்கு நிலமும் கூலியாளும் வேண்டும். முதலில் ஒப்பந்தக் கூலிகள், 1619 முதல் ஆப்பிரிக்கர், பின்னர் முழு அடிமைமுறை. ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை, ஆற்றங்கரை முழுக்கப் பெருந்தோட்டங்கள். 1630இல் மசாசுசெட்ஸுக்குப் போன பியூரிட்டன்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அங்கே குளிர், கல் நிலம், சிறு பண்ணைதான் சரிவந்தது. தேவாலயத்தைச் சுற்றி ஊர் அமைத்து, 50 குடும்பம் இருந்தால் ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும் என்று 1647இல் சட்டமும் போட்டார்கள். ஒரே மொழி, ஒரே அரசன். இரண்டு நூற்றாண்டு கழித்து உள்நாட்டுப் போரில் இரு பக்கமும் எதிரெதிர் அணியில் நின்றன. அந்த மசாசுசெட்ஸின் பள்ளிக்கூடப் பழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது என்று பேரனிடம் சொல்லுங்கள். அங்கிருந்து கிளம்பிய அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியது. யாழ்ப்பாணம் படிப்பில் முந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாடப்புத்தகங்கள் “பிரித்தானியர் ஆட்சி” என்று ஒருமையில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வோர் இடத்திலும் அவன் எதை எடுக்க வந்தான் என்று பார்க்க வேண்டும். நெல்லை மட்டும் எடுத்த இடத்தில் வீடு வாசல் பழையபடி நின்றது. மலையையும் மனிதரையும் எடுத்த இடத்தில் சமூகத்தையே புதிதாகக் கட்டினான். சுதந்திரம் வந்தும் அது திருந்தவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. இந்தப் பக்கம் 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டம் அம்பாறையின் குடிப்பரம்பலை மாற்றியதும் வெள்ளைக்காரன் கணக்கில் சேராது.

“தோட்டத்துச் சனத்துக்கு முன்னேறத் தெரியவில்லை” என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். வெறும் அறியாமை. மருமகள் என்ன வீடு கொண்டு வந்தாள் என்று இனி யாராவது கேட்டால் நேரடியாகவே சொல்லுங்கள்: தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்களில்கூடப் பலருக்கு அதற்கான உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.