எக்ஸெல் ஏட்டில் வேலை நேரக் கணக்கு



சிப்பந்திகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நோட்டில் குறித்து, மாதக் கடைசியில் விரல் விட்டுக் கூட்டிய வழக்கம் நம் கடைகளில் குறைந்து, எக்ஸெல் ஏடு வந்துவிட்டது. நல்ல விஷயந்தான். ஆனால் நேரத்தை எண்ணுவதில் அந்த ஏட்டுக்கென்று தனி வழி உண்டு. அதை அறியாமல் கணக்குப் போட்டால் பணியாளின் மணி சப்தமில்லாமல் மறைந்துபோகும். அளவையில் குறைப்போரைப் பற்றி அல்-முதஃப்பிஃபீன் என்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. படியிலும் தராசிலும் நாம் காட்டும் பேணுதல் மணிக்கணக்கிலும் இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. நண்பகல் 12 மணி அதில் அரை, அதாவது 0.5. காலை 6 மணி கால், மாலை 6 மணி முக்கால். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பங்கிட்டார்கள். இது 24 பங்காக்கி ஒரு பங்கை ஒரு மணி என்கிறது. கட்டத்தில் 9:00 என்று தெரிவது மேலே போட்ட உடுப்பு. உள்ளே இருப்பது 0.375.

ஆகவே 9 மணி நேர வேலையை மணிக்கு 10 வெள்ளி என்று நேராகப் பெருக்கினால், 90 வெள்ளி வரவேண்டிய இடத்தில் 3.75 வந்து நிற்கும். இதற்கு மருந்து சுலபம். முதலில் 24-ஆல் பெருக்கி, கட்டத்தின் உருவை 'நம்பர்' என்று மாற்றிக்கொண்டு, பிறகு கூலியால் பெருக்க வேண்டியதுதான். இவ்வளவு பெரிய பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைதான் ஆபத்து.

ஓர் உதாரணம். ஒரு சிப்பந்திக்கு மாதம் 1,950 வெள்ளி சம்பளம். வாரம் 6 நாள், தினம் ஏழரை மணி, ஆக 45 மணி. (1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி என்றிருந்தது, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகிவிட்டது.) சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாட்கூலி 75 வெள்ளி, அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 10. சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்குச் சாதாரண நாளின் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பது சட்டம். ஆக மணிக்கு 15 வெள்ளி.

இவர் தினம் ஒன்றரை மணி கூடுதலாக 26 நாள் வேலை செய்கிறார். மொத்தம் 39 மணி. எக்ஸெலில் ஓவர்டைம் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். அடியில் 15:00 என்று வரும்! கடிகார முள் 24 மணி சுற்றியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவது போல, அந்த உருவில் உள்ள கட்டம் முழு நாளைக் காட்டாமல் மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. 15 மணி ஓவர்டைம் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்; அதைப் பார்த்து எழுதிக்கொடுத்தால் 585 வெள்ளிக்குப் பதில் 225 வெள்ளிதான் அவர் கைக்குப் போகும். 360 வெள்ளி ஓர் ஏழையின் ஹக்கு அல்லவா?

நல்லவேளையாக 39 மணியும் உள்ளே பத்திரமாகவே இருக்கிறது. கண்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, எச் என்ற எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இரண்டு எம் எழுதுங்கள். 39:00 தெரியும். அந்தச் சதுர அடைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. மொத்தத்தை 24-ஆல் பெருக்கி 'நம்பர்' உருவில் வைத்தாலும் 39 வரும்.

அடுத்தது இராக்கடை வைத்திருப்போருக்கு. நமக்கு மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. எக்ஸெலுக்கு நடுநிசி 12 மணிக்குத்தான். மாலை 6-க்கு வந்து அதிகாலை 3:30-க்குப் போனவரின் நேரத்தைக் கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய், கட்டம் முழுவதும் வேலி போட்டாற்போல் குறிகள் நிற்கும். அது பரவாயில்லை, எச்சரிக்கை கிடைத்தது என்று கொள்ளலாம். 24-ஆல் பெருக்கி 'நம்பர்' உருவில் வைத்திருந்தாலோ, ஒன்பதரை மணிக்குப் பதில் மைனஸ் 14.5 என்று எழுதி, மாத மொத்தத்தில் ஒவ்வோர் இரவுக்கும் 24 மணியை வெட்டிவிடும். இதற்கென்று மாட் என்ற சூத்திரம் உண்டு. எம், ஓ, டி என மூன்று எழுத்து எழுதி, அடைப்புக்குள் போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்து, கமா இட்டு 1 என்று முடித்து, பிறகு 24-ஆல் பெருக்குங்கள். நேரத்துடன் தேதியையும் சேர்த்தே ஒரே கட்டத்தில் எழுதுவது இன்னும் உத்தமம். அப்போது சாதாரணக் கழித்தலே போதும்.

தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அரைமணியேனும் ஓய்வு தரவேண்டும் என்பதும் சட்டம். அந்த அரைமணியைக் கழிப்பதாயின் 24-ஆல் பெருக்கிய பிறகே 0.5-ஐக் கழிக்கவேண்டும். முன்னதாகக் கழித்தால் அந்த 0.5 அரை நாளாகி, 12 மணி நேரம் போய்விடும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம்: எட்டரையை 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவது. காகிதத்தில் குற்றமில்லை. எக்ஸெலோ அதை வெறும் எண்ணாகக் கொள்கிறது. 8.00-க்கு வந்து 17.30-க்குப் போனால் 9.30 என்று கழித்துத் தரும். சரியான கணக்கு 9.50. தினம் 12 நிமிஷம் குறையும். 26 நாளில் 5 மணி 12 நிமிஷம். வேறொரு நாள் 8.30-க்கு வந்து 17.00-க்குப் போனால் 8.70 என்று கடைக்காரருக்கு நஷ்டமாகவும் வரும். முக்காற்புள்ளி வைத்து 8:30 என்றே எழுதப் பணியாட்களைப் பழக்குங்கள்.

கைரேகை இயந்திரத்திலிருந்து இறக்கும் நேரங்கள் சில சமயம் எண்ணாக அல்லாமல் எழுத்தாக வந்துவிடுவதுண்டு. கூட்டல் சூத்திரம் அவற்றைச் சொல்லாமல் தாண்டிப் போகும். கண்டுபிடிப்பது எளிது: நீங்கள் மாற்றாதவரையில் எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்பவற்றை 'டைம்வேல்யூ' சூத்திரத்தால் நேரமாக்கிக்கொள்ளலாம்.

புதிய ஏடு தயாரானதும், சம்பளம் போடும் முன் மேலே சொன்ன இரவு வேலையை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: 18:00 வரவு, 3:30 போக்கு, அரைமணி ஓய்வு. 9 வரவேண்டும். அதையே 26 வரிகளில் நகல் எடுத்துக் கூட்டினால் 234. வேறு எண் வந்தால், கூட்டிய கட்டத்தின் உருவை முதலில் பாருங்கள்.