கொழுப்பற்ற மாட்டிறைச்சி நல்லுணவில் சேருமா?



மனையியல் வகுப்பில் சமச்சீர் உணவைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான். இப்போது அப்பாவுக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது. மாட்டுக்கறியை நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. எனக்கோ இரத்தசோகை, கறியும் கீரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். நாங்கள் எதைச் செய்வது?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. ஒரே உணவு ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்குத் தீங்காகவும் இருக்க முடியுமா? அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கொழுப்பற்ற இறைச்சி எது?

மாட்டிறைச்சி எல்லாம் ஒன்றல்ல. நெஞ்சுப் பகுதியிலும் விலாப் பகுதியிலும் கொழுப்பு மிகுதி. பின்தொடையிலும் இடுப்புப் பகுதியிலும் குறைவு. மேல்நாட்டார் 'ஸ்டேக்' என்பது குழம்பு வைக்காமல், தடித்த துண்டாக வெட்டித் தீயிலோ கல்லிலோ வாட்டி எடுக்கும் இறைச்சி. அதற்கும் இப்பகுதிகளிலிருந்து கொழுப்புக் குறைந்த துண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். 100 கிராம் இறைச்சியில் மொத்தக் கொழுப்பு 10 கிராமுக்குக் குறைவாகவும், நிறைவுற்ற கொழுப்பு நாலரை கிராமுக்கு மிகாமலும் இருந்தால் அதைக் 'கொழுப்புக் குறைந்தது' என்று அமெரிக்க நாட்டு விதி வகுக்கிறது. நம் கடைகளில் இப்படிச் சீட்டு ஒட்டி விற்பதில்லை. ஆகவே வெள்ளையாகத் தெரியும் கொழுப்பை நீக்கித் தரும்படி கேட்டு வாங்குவதே நாம் செய்யக்கூடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு உண்டு. கடையில் பார்த்துப் பார்த்துக் கொழுப்பை நீக்கி வாங்கிய கறியை, வீட்டில் தேங்காயெண்ணெயை ஊற்றிச் சுருளச் சுருள வறுத்தால், வாசலில் அனுப்பிய விருந்தாளியைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்த கதைதான். வேகவைத்த குழம்போ, சிறிதளவு எண்ணெயில் வாட்டிய துண்டோ நல்லது.

அதில் உள்ளதும் இல்லாததும்

சமைத்த கொழுப்பற்ற மாட்டிறைச்சி 100 கிராமில் சுமார் 25 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. இரும்புச்சத்து இரண்டரை முதல் மூன்று மில்லிகிராம் வரை இருக்கும். துத்தநாகமும், தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி 12-உம் மிகுதியாக உண்டு.

இரும்பின் அளவைக் கண்டு, 'இவ்வளவுதானா?' என்று எண்ணவேண்டாம். இறைச்சியில் உள்ள இரும்பின் ஒரு பகுதி 'ஹீம்' என்னும் வடிவில் இருக்கிறது. அதில் 100க்கு 15 முதல் 35 பங்கு வரை நம் உடல் ஏற்றுக்கொள்கிறது. கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்பில் பெரும்பகுதி வீணே வெளியேறிவிடுகிறது. மேலும், இறைச்சியை அவற்றோடு சேர்த்து உண்டால், அவற்றிலுள்ள இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். எனவே, சோறும் கீரைக் கூட்டும் இருக்கும் தட்டில் நாலு துண்டு இறைச்சி விழுந்தால், அது தன் இரும்பைத் தருவதோடு அண்டை அயலாரின் இரும்பையும் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

இல்லாதவை எவை? நார்ச்சத்து அறவே இல்லை. வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். சுண்ணாம்புச்சத்து மிகச் சொற்பம். ஆகையால் இறைச்சி துணைவியாக இருக்கலாமே தவிர, தட்டின் தலைவியாக முடியாது.

இதயத்திற்கு ஆகுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வெளியாயிற்று. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்த 36 பேர் நான்கு வகை உணவுத் திட்டங்களை, ஒவ்வொன்றையும் ஐந்து வாரம், மாறி மாறி உண்டனர். அவற்றுள் ஒரு திட்டத்தில் நாள்தோறும் 113 கிராம் கொழுப்பற்ற மாட்டிறைச்சி இருந்தது. அதை உண்டபோது தீய கொலஸ்டிரால் ஏறத்தாழ 100க்கு 10 பங்கு குறைந்தது. மாட்டிறைச்சி மிகக் குறைவாக இருந்த காய்கனித் திட்டத்திலும் அதே அளவுதான் குறைந்தது.

அப்படியானால் மாட்டிறைச்சிதான் கொலஸ்டிராலைக் குறைத்ததா? இல்லை. அவ்விரு திட்டங்களிலுமே காய்கனிகள் மிகுந்திருந்தன. நிறைவுற்ற கொழுப்பு குறைந்திருந்தது. குறைத்தது அந்த முழு உணவு. கொழுப்பற்ற இறைச்சி அதைக் கெடுக்கவில்லை என்பதே பாடம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: இவ்வாய்வுக்கு நிதி தந்தது மாட்டிறைச்சித் தொழில் துறையே. அதனால் ஆய்வு பொய்யென்று ஆகாது. ஆனால் ஐந்து வார ஆய்வை வைத்து ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாடு, ஆடு, பன்றி போன்றவற்றின் சிவப்பு இறைச்சி 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையிலும், சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சி 'நிச்சயமாக உண்டாக்கும்' என்ற வகையிலும் சேர்க்கப்பட்டன. எனவே மாட்டுக்கறியை விட்டு ஆட்டுக்கறிக்கு மாறினால் தப்பித்தோம் என்று எண்ணுவது தவறு. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் கூறும் அளவு இது: சிவப்பு இறைச்சியை உண்போர் வாரத்திற்கு மூன்று வேளைக்குள், சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். பதப்படுத்தியதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். தீயில் கருகிய பகுதியை நீக்கிவிடுவது நலம்.

வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அளவாகக் கறி சமைக்கும் குடும்பம் இவ்வளவைத் தாண்டுவது அரிது. ஆனால் வீட்டிற்கு வாங்கும் அளவு ஒன்று; அது யார் தட்டில் விழுகிறது என்பது வேறு.

யாருடைய தட்டில்?

கேள்வி கேட்ட மாணவியிடம் நானும் ஒரு கேள்வி கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை உன் தட்டில் எத்தனை துண்டு விழும்?"

அவள் சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "அப்பாவுக்கும் அண்ணனுக்கும் போட்ட பிறகு இருந்தால் போடுவார்கள், டீச்சர். எனக்கும் அம்மாவுக்கும் பெரும்பாலும் குழம்புதான்."

இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. பல தலைகள் குனிந்தன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவையான இரும்பு 19 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு 29. பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கோ 32! வளரும் உடலும் மாதவிலக்கும் இரும்பைக் கேட்கின்றன. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. காலை வழிபாட்டில் நிற்கும்போதே கண் இருண்டு சாய்வதும், படித்தது மனத்தில் நில்லாமல் சோர்வதும் சோம்பல் அல்ல. பல வேளைகளில் இரத்தக் குறைவு.

ஆகவே அந்த வீட்டிற்கு என் பதில் இதுதான். கறியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பங்கை மாற்றினால் போதும். அப்பாவுக்குக் கொழுப்பு நீக்கிய துண்டுகள் இரண்டு மூன்றும், நிறையக் காயும். அவருடைய டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி. மகளுக்கும் அம்மாவுக்கும் குழம்போடு துண்டுகளும். பெற்றோர்களே, இதில் கூடுதலாகச் செலவு ஏதுமில்லை. கரண்டி போகும் திசைதான் மாறவேண்டும்.

உண்ணாதவர்கள் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். நம் வகுப்பில் மாட்டிறைச்சியைத் தொடாதவர்களும், இறைச்சியே உண்ணாதவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் உணவை மற்றவர் இகழ்வது நற்பண்பன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒறுக்கும் நம்மவர்களும் அன்று பயறையும் மீனையும் உண்டு நலமாகவே இருக்கிறோம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை, முட்டை இவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றுள் ஒன்றைச் சேருங்கள். வைட்டமின் சி தாவர இரும்பை உடலில் சேர்க்கும். சாப்பாட்டுடன் தேநீரும் காப்பியும் அருந்தினால் அவை இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்து அருந்துங்கள். பி 12 சத்துக்குப் பாலும் தயிரும் துணை.

இரத்தசோகை வந்துவிட்டவர்களுக்கு உணவு மட்டும் போதாது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாரந்தோறும் பள்ளியில் தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைச் சன்னல் வழியே எறிபவர்கள் எறிவது எதை என்று இப்போது தெரிந்திருக்கும்.

செய்து பார்க்க

1. வரும் ஞாயிறு உங்கள் வீட்டில் யார் முதலில் உண்கிறார், யார் கடைசியில் உண்கிறார், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
2. அதன் அருகே ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தேவையான இரும்பின் அளவை எழுதுங்கள்.
3. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டுங்கள். பிறகு, அம்மாவையும் உட்காரச் சொல்லி, அவருக்கு நீங்கள் பரிமாறுங்கள்.

— மனையியல் ஆசிரியை