எழினி மூன்று

கேள்வி: பழந்தமிழ் அரங்கின் அமைப்பைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் எவை?

பதில்: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இவற்றை விரிவாகத் தருகிறது. ஆடும் மேடை, அரங்கு. அதை அளக்க 24 பெருவிரல் அளவுள்ள மூங்கில் கோல் பயன்பட்டது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தரைப்பலகைக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். வாயில்கள் இரண்டு.

திரையின் பெயர் எழினி. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய மேடைத் திரைகளும் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடுவது வியப்புக்குரியது. விளக்கு வைப்பதிலும் அதே நுட்பம் உண்டு: தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழக்கூடாது. ஆடல் கற்பிப்பவர் ஆடலாசிரியன். தேர்ந்த ஆடல்மகள் பெறும் பட்டம் தலைக்கோல்.