கோட்டைக்கு முன்னே கோயிலைப் பார்

கமுதி

அன்புள்ள பேத்திக்கு,

பள்ளிச் சுற்றுலாவில் தரங்கம்பாடிக்குப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாரும் டேனிஷ் கோட்டைக்குள்தான் ஓடுவார்கள். நீ கொஞ்சம் பொறு, தாயி. முதலில் கரையோரம் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போ.

அது 1306ஆம் ஆண்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சக் கல்லைத் தடவிப் பார். உப்புக்காற்று அரித்து அரித்து விரலில் சொரசொரக்கும். அங்குள்ள கல்வெட்டு அந்த ஊரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்கிறது. பட்டினம் என்றால் கடல்துறை. டென்மார்க்காரர் வருவதற்கு 300 ஆண்டுக்கு முன்பே அது துறைமுகம். இதை மனதில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் போனால்தான், அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்பது விளங்கும்.

வந்தது மிளகுக்காக. முன்னால் வந்த ஓரெசுண்ட் என்ற கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு ஓவ கெத்தே என்ற தளபதி வந்து, 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்க ஏட்டில் கடிதம் அனுப்பினார். வாசகம் தமிழ், கையெழுத்து தெலுங்கு. இன்றும் அது கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டை பிடித்த மண்ணில் எழுந்ததல்ல, நம் அரசர் ஆண்டு வாடகைக்கு விட்ட மண்ணில் எழுந்தது.

கோட்டையின் கீழ்த்தளம் கிட்டங்கியும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லை உற்றுப் பார்.

ஊருக்குள் ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது, 1718இல் கட்டி முடித்தது. அங்கேதான் சீகன்பால்கு அடங்கியிருக்கிறார். 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மதபோதகர் அவர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனாலும் அந்த அரசரின் அதிகாரியே அவரைச் சுமார் 4 மாதம் கோட்டையில் அடைத்துவைத்தார்.

சீகன்பால்கு ஓர் அச்சுக்கூடமும் வைத்தார். அதற்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. ஒவ்வொன்றும் பெரிது, காகிதத்தை விழுங்கியது. காகிதமோ கப்பலில் வரவேண்டிய சரக்கு. அதனால் ஊரிலேயே சின்ன எழுத்தாக வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. உன் பாடப்புத்தகத்து எழுத்துக்கு மூத்த அக்காமார் அந்தச் சின்ன எழுத்துகள். எனக்குக் கோட்டையைவிட இதுதான் பெரிது.

1845இல் டென்மார்க்காரர் தங்கள் இந்திய ஊர்களை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் அங்கே போனது. தரங்கம்பாடி அடங்கிப்போனது. இடித்துக் கட்ட ஆளில்லாததால்தான் அந்த வீதிகள் இன்னும் நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

நம் கமுதிக்கும் ஒரு கோட்டை உண்டு, குண்டாற்றங்கரையில். சேதுபதி மன்னர் பிரெஞ்சுப் பொறியாளர் துணையோடு கட்டினார் என்பார்கள். கிடந்த பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில் அது. அதைக் காண சுற்றுலா பஸ் வருவதில்லை.

தரங்கம்பாடியில் செல்போனை ஒருநேரம் பைக்குள் வைத்துவிட்டு, மதில் ஒன்றையாவது நோட்டில் வரைந்து வா, தாயி. செங்கல் எத்தனை விரல் தடிமன் என்றும் குறித்துக்கொள். லீவுக்கு இங்கே வந்ததும் இருவரும் கோட்டைமேட்டுக்குப் போய், அந்த நோட்டில் அடுத்த பக்கத்தில் நம் மதிலை வரைவோம்.

அன்புடன்,
தாத்தா